விரல்நுனி முளைக்குமா? நகத்தைக் கேளுங்கள்

கதவிடுக்கில் மாட்டி நான்கு வயதுக் குழந்தையின் மோதிரவிரல் நுனி துண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தையலும் போடவில்லை, தோல் எடுத்து ஒட்டவும் இல்லை. காயத்தைக் கழுவி, கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒன்றைச் சுற்றி ஒட்டி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். இது அலட்சியமா, வைத்தியமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் வைத்தியம்தான். ஆனால் வெட்டு எந்த இடத்தில் விழுந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல்லிக்கு வால் முளைக்கும், பாலூட்டிகளுக்கு எதுவும் முளைக்காது என்று பள்ளியில் படித்தது முக்கால்வாசி உண்மை. மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து எலும்பும் ரத்தக்குழாயும் நரம்புமாகப் புதுக்கொம்பு வளர்க்கிறது. ஆப்பிரிக்க முள்சுண்டெலி ஒன்று காதில் போட்ட 4 மில்லிமீட்டர் ஓட்டையைத் தழும்பில்லாமல் அடைத்துவிடுகிறது. நம் ஈரலை வெட்டினால் மிச்சம் பருத்து எடையை ஈடுகட்டும், இழந்த மடல் அதே வடிவில் திரும்பாது. மனிதன், குரங்கு, சுண்டெலி என்று நகம் உள்ளவர்களிடம் இதற்கெல்லாம் மேலான ஒரு வித்தை இருக்கிறது, அதுவும் விரலின் கடைசி சில மில்லிமீட்டரில் மட்டும்.

இதை முதலில் கவனித்தது ஆராய்ச்சிக்கூடம் அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவு. 1970கள் வரை வழக்கம் வேறு. நுனி போன விரலில் எலும்பைக் கொஞ்சம் நறுக்கி, பக்கத்துத் தோலை இழுத்து மூடித் தைத்துவிடுவார்கள். விரல் மொட்டையாகவே நின்றுவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த சிந்தியா இல்லிங்வொர்த், தைக்காமல் வெறும் கட்டோடு விட்ட குழந்தைகளின் விரல்நுனிகள் நகத்தோடும் உருண்ட சதையோடும் திரும்பி வளர்ந்ததை 1974ல் எழுதினார். தையல்தான் வளர்ச்சிக்குத் தடை என்பது அப்போது பலருக்கு ஜீரணிக்க முடியாத செய்தி.

இனி சுண்டெலிக்கு வருவோம். அதன் கால்விரல் கடைசி எலும்பின் முன்பாதியை வெட்டினால் சுமார் 28 நாளில் விரல் முழுசாகிவிடும். அதே எலும்பின் அடிப்பகுதியில், நகம் மொத்தமும் போகும்படி வெட்டினால் ஒன்றும் வளராது. தழும்புதான். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டருக்குள். அந்தச் சிறு இடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடியதில்தான் கதையே திறந்தது.

முதல் வாரத்தைப் பார்த்தால் விரல் குணமாவதாகவே தோன்றாது. வளர வேண்டிய எலும்பு கரைகிறது. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் கூட்டமாக வந்து, வெட்டுவாய்க்குப் பின்னால் எலும்பைத் தின்று மெலிய வைக்கின்றன. தோலின் மேலடுக்கு எலும்பின் முனையைச் சுற்றி ஏறி வராது. அரித்து இளைத்த இடத்துக்குள் புகுந்து, மறுபக்கத்துத் தோலோடு கைகோத்துக்கொள்கிறது. அதற்கு வெளியே மாட்டிக்கொண்ட எலும்புத்துண்டு பொருக்கோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். கத்தி வெட்டியது போதாதென்று உடல் தானே இன்னொரு முறை வெட்டிக்கொள்கிறது! அமெரிக்க ஆய்வாளர் கென் முனியோக்காவின் குழு இதை நாள்வாரியாகப் படம்பிடித்துக் காட்டியது. அழற்சியோடு காயத்துக்கு வந்து குப்பையைத் தின்னும் மேக்ரோஃபேஜ் செல்களை மருந்து கொடுத்து ஒழித்துவிட்டால் இதற்குப் பிந்தைய எதுவும் நடப்பதில்லை. அழற்சி என்றாலே அடக்க வேண்டியது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது வாரத்தில் மூடிய தோலுக்கடியில் செல்கள் குவிகின்றன. பிளாஸ்டிமா என்று இதற்குப் பெயர். எதுவாகவும் மாறக்கூடிய மந்திர செல்கள் என்று இவற்றைப் பற்றிச் செய்தித்தாளில் எழுதுவார்கள். அப்படி இல்லை. 2011ல் ஸ்டான்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் தனித்தனியாக, செல்களுக்கு நிற அடையாளம் போட்டுப் பின்தொடர்ந்தார்கள். தோலிலிருந்து வந்த செல் தோலாகவே ஆனது, எலும்பு வம்சம் எலும்பாகவே ஆனது. ஒரே குவியலில் நெருக்கியடித்து நின்றாலும் யாரும் குலத்தொழிலை விடவில்லை.

அப்படியானால் இவற்றை வேலைக்குக் கூப்பிடுவது யார்? நகம்தான்.

உங்கள் கட்டைவிரல் நகத்தின் அடியில் வெளிறிய பிறை தெரிகிறதல்லவா? அதுதான் நகவேரின் முன்விளிம்பு. மிச்ச வேர் பின்னால் தோல்மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஆழத்தில் உள்ள குருத்துச் செல்கள் வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிரிந்த செல் முன்னோக்கி நகர்ந்து பிறைப் பகுதிக்கு வரும்போது வின்ட் என்ற சமிக்ஞை அதன்மேல் விழுகிறது. உடனே அது கெட்டிப்பட்டு நகமாகிறது. மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் நகம் இப்படித்தான் வளர்கிறது. சனிக்கிழமை நகவெட்டியைத் தேடும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மயூமி இட்டோவின் குழு 2013ல் காட்டியது என்னவென்றால், விரலை வளர்ப்பதும் இதே வின்ட்தான். நுனி போன பிறகு, மிஞ்சிய நகவேரிலிருந்து தோலடுக்கு முன்னால் படர்ந்து காயத்தை மூடுகிறது. அதில் வின்ட் எழுந்ததும் அந்த அடுக்கு நரம்புகளைத் தன்பக்கம் இழுக்கிறது, எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிப் புரதத்தையும் சுரக்கிறது. அந்தப் புரதம் கீழே உள்ள பிளாஸ்டிமாவைப் பெருக்குகிறது. பெருகிய செல்கள் எலும்பாகின்றன. நகம் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் அதன் கீழ் எலும்பும் நீள்கிறது. இரண்டுக்கும் ஒரே கயிறு.

இதை அவர்கள் மூன்று பக்கமும் சோதித்தார்கள். தோலடுக்கில் வின்ட் எழாமல் மரபணுவை முடக்கினால் நகமும் வரவில்லை, எலும்பும் வரவில்லை. விரலுக்குப் போகும் நரம்பை அறுத்தால் எஃப்ஜிஎஃப்2 சுரக்கவில்லை, வளர்ச்சி நின்றது. மூன்றாவதுதான் அழகு. பிறைப் பகுதி மொத்தமும் போகும்படி, அதாவது முளைக்கவே முளைக்காத இடத்தில் வெட்டி, தோலடுக்கில் வின்ட்டைச் செயற்கையாக முடுக்கிவிட்டார்கள். அங்கும் எலும்பு முளைத்தது. முன்பு சொன்ன ஒரு மில்லிமீட்டருக்கு விடை இதுதான்: வெட்டியபின் பிறைப் பகுதி மிச்சமிருந்தால் சமிக்ஞை இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

புதிதாக வந்த எலும்பு பழையதன் நகல் அல்ல. கருவில் இந்த எலும்பு முதலில் குருத்தெலும்பாக உருவாகி அப்புறம் கெட்டியாகும். இங்கே அந்தப் படி இல்லை, நேராக எலும்புதான். அதனால் ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையாக, சில சமயம் பழையதைவிடப் பருமனாகவும் வந்துவிடுகிறது. மனிதரில் தோல், சதை, நகம் திரும்புவதற்கு நல்ல சான்றுகள் உண்டு. எலும்பு சுண்டெலி அளவுக்கு நீள்கிறது என்பதற்கான சான்று மெலிந்தது.

நகத்துக்கும் பின்னால், நடு எலும்பில் வெட்டுப்பட்டால்? பவர் பிரஸ்ஸிலும் கரும்பு ஜூஸ் மெஷினிலும் விரல் போகிறவர்களுக்கு இதுதான் கேள்வி. இப்போதைக்கு அங்கே எதுவும் முளைக்காது. ஆனால் சுண்டெலியில் அந்த மொட்டை முனையில் பிஎம்பி2 என்ற வளர்ச்சிப் புரதம் ஊறிய சின்ன மணி ஒன்றை வைத்தால் எலும்பு நீள்கிறது, பிஎம்பி9 கொடுத்தால் மூட்டின் வழவழப்பான குருத்தெலும்பு உருவாகிறது என்று முனியோக்கா குழு 2019ல் காட்டியது. முளைக்கும் சக்தி இல்லாமல் போகவில்லை, கூப்பிட ஆள் இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

இந்த மாதிரி பொறுமையான வேலைக்குத் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை. கிடைத்தது எதற்கு? 2005ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் விளையாட்டு விமானத்தின் விசிறியில் விரல்நுனியை இழந்த ஒருவர், பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து தயாரித்த பொடியைத் தூவினார். விரல் வளர்ந்தது. ‘தேவதைப் பொடி’ என்று உலகமே எழுதியது. பொடி இல்லாமலே அந்த இடம் அப்படித்தான் ஆறும் என்று கை அறுவை நிபுணர்கள் சொன்னது எடுபடவில்லை. பொடி தூவாத ஒரு விரலை ஒப்பீட்டுக்கு வைத்துப் பார்க்காத வரை, அதற்கும் மந்திரித்த திருநீற்றுக்கும் அறிவியல்ரீதியாக வித்தியாசம் கிடையாது என்பது என் கருத்து. அந்தக் குழந்தைக்குச் சுற்றியது மாதிரி மலிவான ஒட்டுப்படலத்தை நம்பிப் பணம் போட எந்த நிறுவனம் வரும்? இரண்டையும் ஒப்பிடும் ஆய்வுக்கு அரசுதான் பணம் கொடுக்க வேண்டும்.

கேட்ட வாசகருக்குச் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டதும் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, பேஸ்ட் எதுவும் வேண்டாம். பிற்பாடு அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது படர வேண்டிய தோலும் சேர்ந்து போகும். துண்டு கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, பையை ஐஸ்தண்ணீரில் வையுங்கள். துண்டின்மேல் நேராக ஐஸ் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். அதைத் திரும்ப வைக்க முடியுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுவிட வேண்டும்.

அந்தக் கண்ணாடிக் காகிதம், பாதி மூடிய கட்டு. ஈரத்தை உள்ளே நிறுத்தும், ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும். உலர்ந்த காஸ் துணி வைத்தால் புதுத்தோல் அதில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் உரிந்து வரும். இதை வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். சதை மூட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், நகம் முழுசாக வர இன்னும் சில மாதம். தாங்க எலும்பு போதாமல் போனால் நகம் கிளிமூக்கு மாதிரி முன்னால் வளையும். அதைப் பிற்பாடு சரிசெய்யலாம்.

இரண்டாம் முறை கட்டைப் பிரிக்கும்போது பழுப்பு நிறத்தில் குழகுழவென்று ஒரு நீர் இருக்கும், நாற்றம் மூக்கைத் துளைக்கும். சீழ் என்று பதற வேண்டாம், அதில்தான் விரல் வளர்கிறது. சிவப்பு கையை நோக்கி ஏறினாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் அன்றே போய்க் காட்டுங்கள்.