வாகனத் தொழிலுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் தக்கலையில் இருக்கும் என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருகிறவர்களோடு, மகனை அழைத்து வருகிறவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். "இவனுக்கு வண்டி என்றால் உயிர். எங்கே சேர்க்கலாம் அண்ணே?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லும் முன் அவர்களிடம் ஒரு காரைப் பற்றிச் சொல்வேன்.

குளச்சல் பக்கத்திலிருந்து வந்த கார் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். முதலில் பார்த்த இளைஞர், எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தியிருக்கிறார். அது ஒரு சென்சாரின் பெயரைக் காட்டியது, மாற்றினார். பத்தே நாளில் அதே பழுது, ஆனால் வேறொரு சென்சாரின் பெயர். அதையும் மாற்றினார். அடுத்து எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று சொன்னதும், உரிமையாளர் பயந்துபோய் என்னிடம் வந்தார்.

ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். கால் வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாத இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றினால், உறைக்குள் செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கடற்காற்றின் உப்பு செய்த வேலை. அந்த வயரைத் தனியே கழற்றி, மின்தடையைக் காட்டும் ஓம் அளவில் சோதித்திருந்தால் நல்ல வயர் என்றே தோன்றியிருக்கும். இரண்டு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 'தொடர்பு உண்டு' என்று சொல்லிவிடும். மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். புது வயர் போட்டதோடு வேலை முடிந்தது.

அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய தொகை கட்டி ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். எஞ்சினைக் கழற்றி மாட்டுவதில் நல்ல கை. ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு தேட வேண்டிய சர்க்யூட்டைத்தான் சொல்கிறது, அதில் சென்சாரோடு வயரும், வயர்களை இணைக்கும் கப்ளரும், எர்த்தும் இருக்கின்றன என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் வந்தபின் ரப்பர் பால் வெட்டப் போகிறவரின் பைக்கில்கூட சென்சார்கள் வந்துவிட்டன. ஆகவே சேரும் இடத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, வயரிங் வரைபடம் வாசிக்கவும் மீட்டர் பிடிக்கவும் கற்றுத்தருகிறார்களா என்பதைத்தான். மின்சார வாகனத்துக்கு இது இன்னும் முக்கியம். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிளில் பல நூறு வோல்ட் ஓடும். முறையான பயிற்சியும் அதற்குரிய கையுறையும் இல்லாமல் அதைத் தொடுவது உயிருக்கு ஆபத்து.

அரசு தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ., நாகர்கோவில் கோணத்திலேயே இருக்கிறது. பொதுவாக ஐ.டி.ஐ.களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு, டீசல் மெக்கானிக் ஓராண்டு. அரசு ஐ.டி.ஐ. என்றால் கல்விக் கட்டணம் இல்லை. முடித்தபின் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். அந்தப் பழகுநர் காலத்தை வீணடிக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். மேலே படிக்க விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. தனியார் நிலையம் என்றால், அது தரும் சான்றிதழ் மத்திய அரசின் தொழிற்கல்வி கவுன்சிலான என்.சி.வி.இ.டி.யின் (முன்பு என்.சி.வி.டி.) அங்கீகாரம் பெற்றதா என்று பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள். 'சர்வதேச டிப்ளமா' என்ற பெயரை மட்டும் நம்பி நகையை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நம் மாவட்டத்தில் பலருக்கும் வளைகுடா ஆசை இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.

நான் ஆசானிடம் கற்றவன். பேரிங் தேயும் சத்தத்தைக் காதாலேயே கண்டுபிடிக்க அவர்தான் பழக்கினார். அதை எந்த வகுப்பும் தராது. எனவே பையன் ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே சனி, ஞாயிறுகளில் நல்ல பட்டறை ஒன்றுக்கு அனுப்புங்கள். பதினெட்டு வயது ஆகாதவன் என்றால் பார்த்துப் பழக மட்டும் அனுப்புங்கள், வண்டிக்கு அடியில் படுக்கவிடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி, ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கடியில் புகுகிற பட்டறையாக இருந்தால் அன்றே அழைத்து வந்துவிடுங்கள்.

பயிற்சி நிலையத்தைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரவேற்பறையில் உட்கார்ந்துவிடாமல் செயல்முறைக் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் எஞ்சினை, உங்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.