மார்சியானோ, அலி, ஒரு தாயக்கட்டை

1970 ஜனவரி 20 இரவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நூற்றுக்கணக்கான தியேட்டர்களில், ஒரே ஒரு காட்சி மட்டும் என்று சொல்லி ஒரு குத்துச்சண்டையைத் திரையிட்டார்கள். முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் மோதுகிறார்கள். யார் ஜெயிப்பார் என்று பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது, அது சகஜம். மோதிய இருவருக்குமே தெரியாது என்பதுதான் வேடிக்கை. மார்சியானோ அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் இறந்தார். மறுநாள் அவருடைய 46ஆவது பிறந்தநாள்.

ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) சாம்பியனாக இருந்த மார்சியானோ 1956இலேயே ஓய்வு பெற்றவர். 49 சண்டை, 49 வெற்றி. அலி சாம்பியன் ஆனது 1964இல். நிஜத்தில் இருவரும் மோத வழியே இல்லை. அதனால் மயாமியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் ரிங் போட்டு, ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபது வரை எடுத்தார்கள். 45 வயது மார்சியானோ எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். முடிவை மட்டும் பல விதமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். எதைக் காட்டுவது என்பது கம்ப்யூட்டரின் பொறுப்பு. 13ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்டில் வென்றார் என்றது கம்ப்யூட்டர்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் மர்ரே வோரோனர் என்ற மயாமி வானொலித் தயாரிப்பாளர். 1967இல் எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களிலும் 16 பேரைப் பொறுக்கியெடுத்து, என்சிஆர் 315 கம்ப்யூட்டரில் ஒரு கற்பனைப் போட்டி நடத்தி, அதை நேரடி வர்ணனை மாதிரி வானொலியில் ஒலிபரப்பினார். அதிலும் மார்சியானோதான் சாம்பியன். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை வீழ்த்தினார், அதுவும் 13ஆவது ரவுண்டில். அலியோ கால் இறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றுப்போனார். கோபத்தில் பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். அந்த வழக்கு சமரசத்தில் முடிந்ததால்தான் அந்தப் படமே பிறந்தது.

சரி, 1960களின் ஒரு கம்ப்யூட்டருக்கு மார்சியானோவின் வலது கையைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. குத்துச்சண்டை எழுத்தாளர்கள், நிபுணர்கள் பலரிடம் வேகம், குத்தின் பலம், தாடையின் உறுதி, தைரியம், எளிதில் ரத்தம் வடியுமா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வாங்கி, அதைத்தான் உள்ளே கொடுத்தார்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அன்றைக்கு அந்தச் சட்டியில் இருந்தது பழைய காலத்து ரசிகர்களின் ஞாபகம். அலி ராணுவத்தில் சேர மறுத்து, பட்டத்தையும் உரிமத்தையும் பறிகொடுத்து, பாதி அமெரிக்காவின் வெறுப்பைச் சம்பாதித்திருந்த நேரம். அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்தது போல என்று அலி கிண்டலடித்தார். நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது. நகைச்சுவையாகச் சொன்னாலும், உள்ளீட்டுத் தரவின் சாய்வைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டரில் இப்படிக் கற்பனைச் சண்டை ஓட்டிப் பார்க்கும் இன்றைய சிமுலேஷன்களுக்கும் இந்தத் தலைவலி தீரவில்லை. கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து கணக்கு இருக்கிறது. குத்துச்சண்டையில் குத்துகளை எண்ணும் காம்ப்யுபாக்ஸ் முறையே 1985இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வீரர்களுக்கு, கிடைக்கிற பழைய படச்சுருளையும் பத்திரிகைக் குறிப்பையும் வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது.

மதிப்பெண் வந்தபின் என்ன நடக்கிறது? ஒரு ரவுண்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் 1 முதல் 100 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுப்பார்கள். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை.

ஐந்தாவது ரவுண்டு. முதல் கேள்வி, இந்தத் துண்டில் முந்துவது யார்? 58 வரை வந்தால் அலி, அதற்கு மேல் மார்சியானோ. 71 விழுகிறது. மார்சியானோ குனிந்து உள்ளே நுழைகிறார். இரண்டாவது, என்ன குத்து? அவருடைய பழக்கத்தைப் பட்டியலிட்ட அட்டவணையில் குலுக்கினால், வலது கை ஓவர்ஹேண்ட், அதாவது மேலிருந்து வளைந்து இறங்கும் குத்து. மூன்றாவது, படுமா? மார்சியானோவின் துல்லியம் 35, அலியின் கால் வேகத்துக்காக 12 கழிவு, ஆக 23. விழுந்தது 40. காற்றைக் குத்தினார். காற்றைக் குத்தினாலும் களைப்பு உண்டு, தெம்பில் ஒரு புள்ளி குறைகிறது. அடுத்த துண்டில் அலி முந்துகிறார். ஜாப் (முன்கையால் நேராக விடும் சின்னக் குத்து), பட்டது, சேதம் 1. அதோடு முடியவில்லை, புருவம் கிழிந்ததா என்று ஒரு குலுக்கல். 100இல் 3 தான் வாய்ப்பு. விழுந்தது 2. ரத்தம்!

இனி ஒவ்வொரு ஜாபும் அந்தக் காயத்தைப் பெரிதாக்கும். டாக்டர் எப்போது நிறுத்துவார் என்பது எந்தக் காலத்து விதியை வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1954 செப்டம்பரில் எஸார்ட் சார்ல்ஸுடன் மோதியபோது மார்சியானோவின் மூக்கு நுனி பிளந்தேவிட்டது. எட்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்து தப்பித்தார். இன்றைய ரிங் டாக்டர் அவ்வளவு நேரம் பொறுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

இப்படி ஒரு சண்டை முழுக்க ஓடி முடிந்ததும் ஒரு விடை வரும். அந்த விடைக்கு எவ்வளவு மதிப்பு? தாயக்கட்டையை ஒரே ஒரு தடவை உருட்டிவிட்டு, இதில் தாயம்தான் விழும் என்று சத்தியம் செய்தால் எவ்வளவு மதிப்போ அவ்வளவுதான். வோரோனர் சறுக்கிய இடம் இதுதான் என்பேன். பல்லாயிரம் தடவை ஓட்டி, எத்தனை தடவை யார் ஜெயித்தார் என்று எண்ண வேண்டும். இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். 1946இல் உடம்பு சரியில்லாமல் ஓய்வில் இருந்த ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித அறிஞர், சாலிட்டேர் சீட்டாட்டம் ஆடியபோது, அது வெற்றியில் முடியும் வாய்ப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் திணறினார். கணக்குப் போடுவதைவிட நூறு தடவை ஆடி எண்ணிவிட்டால் போதுமே என்று தோன்றியதாம். அணு ஆயுத ஆய்வுக்குப் போன அதே யோசனைதான் பாக்ஸிங்குக்கும் வந்தது.

எண்ணிப் பார்த்தால் சில விஷயங்கள் துலங்கும். ஒருவர் ஒவ்வொரு ரவுண்டையும் வெல்ல 55 சதவீத வாய்ப்பு உள்ளவர் என்று வைப்போம். யாரும் விழாமல் 15 ரவுண்டும் முடிந்தால், புள்ளிகளில் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 65 சதவீதம். மூன்றில் ஒரு தடவை, திறமை குறைந்தவர் கைதான் உயரும். அதையே இன்றைய 12 ரவுண்டாக்கினால் வெற்றி வாய்ப்பு 53 ஆகக் குறைகிறது, சமனில் முடிய 21 சதவீதம் இருக்கிறது.

அப்புறம் நாக் அவுட். புள்ளிகளில் பின்தங்குகிற ஒரு முரட்டுக் குத்துக்காரருக்கு ஒவ்வொரு ரவுண்டிலும் 3 சதவீத நாக் அவுட் வாய்ப்பு என்று வையுங்கள். 12 ரவுண்டில் எங்காவது ஓரிடத்தில் அந்தக் குத்து விழ 31 சதவீத வாய்ப்பு. 15 ரவுண்டில் 37. 1915இல் ஹவானாவில் ஜாக் ஜான்சனும் ஜெஸ் வில்லார்டும் 45 ரவுண்டு என்று பேசி மோதினார்கள் (26இல் வில்லார்ட் முடித்துவிட்டார்). அந்த 45 ரவுண்டு விதியில் வாய்ப்பு 75 சதவீதமாகிவிடும்! அதே ஆள், அதே கை. மார்சியானோ 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்து, 13ஆவது ரவுண்டில் ஒரே வலது கைக் குத்தில் பட்டத்தைப் பறித்தார். 12 ரவுண்டு விதி அன்று இருந்திருந்தால் அந்தக் குத்துக்கு நேரமே கிடைத்திருக்காது. கற்பனைச் சண்டைகளிலும் அதே 13 வந்தது தற்செயலா, மதிப்பெண் போட்டவர்களின் மனதில் இருந்த அந்த ராத்திரியா? எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

ஒரு வீரருக்கு மொத்தமாக ஒரே எண் கொடுத்துவிடலாம், செஸ் ரேட்டிங் மாதிரி என்று நினைப்பவர்களும் உண்டு. 1971இல் ஜோ ஃப்ரேஸியர் அலியை வென்றார். 1973இல் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் ஃப்ரேஸியரை ஆறு தடவை தரையில் சாய்த்து இரண்டே ரவுண்டில் முடித்தார். 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மனை அலி எட்டாவது ரவுண்டில் படுக்க வைத்தார். ஒற்றை எண்ணில் இதை அடக்க முடியாது. கல், காகிதம், கத்தரி விளையாட்டு இது. ஆகவே, யாருடைய பாணிக்கு யாருடைய பாணி ஒத்துவராது என்று ஓர் அட்டவணை தனியாக வேண்டும்.

சிமுலேஷன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எளிதல்ல. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் வீழ்த்தினார். பந்தயச் சந்தையில் டக்ளஸுக்கு 42க்கு 1, அதாவது அவர் மேல் ஒன்று கட்டினால் 42 கிடைக்கும். ஒரு சிமுலேஷன் அவருக்கு 100இல் இரண்டு வாய்ப்பு கொடுத்திருந்தால் அது தப்பு என்று சொல்ல முடியாது. பத்து சதவீதம் என்று அது சொன்ன சண்டைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பத்தில் ஒன்று உண்மையிலேயே நடந்திருக்கிறதா என்றுதான் சோதிக்க வேண்டும்.

ஒற்றைச் சண்டையை விட்டு, ஒருவரின் முழு வாழ்க்கையையும் திரும்ப ஓட்டுவது இன்னும் சிக்கல். ஒரு சண்டையில் தோற்றால் அடுத்த எதிராளியே மாறிவிடுவார். வாங்கிய அடி உடம்பில் தங்கும். வயதுக்கேற்ப முதலில் கால் வேகம் குறையும், குத்தின் பலம் கடைசியில்தான் போகும். 1936இல் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் 12ஆவது ரவுண்டில் விழுந்த ஜோ லூயிஸ், 1938இல் அதே ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்தார். இடையில் மாறியது லூயிஸ்தான். ஆக, ஒரு வீரரின் மதிப்பெண்களைக் குறித்து வைக்கும் அட்டையில் பெயரோடு வருடத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அலிக்கு எத்தனை அட்டை வேண்டும்? 1966இல் யார் கையும் படாமல் மிதந்தவருக்கு ஒன்று. 1967 மார்ச் முதல் 1970 அக்டோபர் வரை சண்டையே இல்லை. அந்த இடத்தில் எதை எழுதுவது என்பது சிமுலேஷன் எழுதுபவரின் துணிச்சலைப் பொறுத்தது. 1974க்கு ஒன்று, கால் வேகம் குறைந்து தாடையின் உறுதியும் தந்திரமும் கூடியது. 1980இல் அவர் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். மெட்ராஸ் பார்த்தது 38 வயது அலியை. அதே வருடம் அக்டோபர் 2 அன்று லாரி ஹோம்ஸுடன் மோதினார். பத்து ரவுண்டு அடி வாங்கினார். பதினோராவதுக்கு மணி அடிக்குமுன் மூலையில் இருந்த அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்தினார். 61 சண்டைகளில் அலி முழு ரவுண்டும் முடிக்காமல் தோற்றது அந்த ஒரே தடவைதான்.