நாலு கட்டம் என்றால் நாலு பிள்ளை அல்ல

"மூத்தவனுக்குத் தலசீமியா வந்துவிட்டது. நாலில் ஒன்றுதானே? அப்படியானால் அடுத்த மூன்றும் நன்றாகத்தானே பிறக்கும்?" மரபணு ஆலோசனைக்கு வருகிறவர்கள், மெண்டலைப் படித்துப் பத்தாம் வகுப்பு தேறியவர்கள், திரும்பத் திரும்ப இதையே கேட்கிறார்கள். தலசீமியா, ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். அம்மா, அப்பா இருவரும் நோயின்றிக் குறையுள்ள ஜீனைச் சுமப்பவர்களாக (கேரியர்) இருந்தால் வருவதுதான் இந்த நாலில் ஒன்று. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு வைத்தியம் வகுப்பறையில் நடந்திருக்க வேண்டும்.

கரும்பலகையில் புன்னட் கட்டம் (பெற்றோரின் ஜீன்கள் பிள்ளையில் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் நாலு அறைக் கட்டம்) வரைந்து, "இது முதல் பிள்ளை, இது இரண்டாம் பிள்ளை" என்று விரல் வைத்துக் காட்டும் ஆசிரியர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். நாலு கட்டமும் ஒரே பிள்ளைக்கு உரியவை. ஒரு கருவுக்கு உள்ள நாலு வாய்ப்புகள். அடுத்த கருவுக்கு அதே நாலும் மறுபடி முழுசாக இருக்கும். அண்ணனுக்கு என்ன வாய்த்தது என்பது தங்கையாகப் பிறக்கப்போகும் கருவுக்குத் தெரியாது. மூத்தது நோயோடு பிறந்தாலும் இளையதற்கு 25 சதவீதம்தான். மூன்று பிள்ளைகள் நலமாகப் பிறந்திருந்தாலும் நாலாவதற்கு அதே 25தான்.

இரண்டு துணிப்பைகள் எடுங்கள்: அம்மா, அப்பா. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மணி, ஒரு வெள்ளை மணி. இருபது இருபதாகக் கொட்டினால் ஒருவரிடம் நாற்பது அல்லீல் (ஒரே ஜீனின் மாற்று வடிவம்) இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அளவும் வழவழப்பும் ஒன்றாக இருக்கட்டும், விரலுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. சட்டைப் பொத்தானே போதும். குன்றிமணி வேண்டவே வேண்டாம்; கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கண்ணை மூடிக்கொண்டு பைக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். சிவப்புதான் குறையுள்ள அல்லீல். இரண்டும் சிவப்பு என்றால் நோய், ஒன்று என்றால் கேரியர். குறித்துக்கொண்டு, மணிகளை அதனதன் பையிலேயே போட்டுக் குலுக்க வேண்டும். வகுப்புகள் சறுக்குவது இங்கேதான். திரும்பப் போடாவிட்டால் சிவப்பு-சிவப்புக்கு அடுத்தது கட்டாயம் வெள்ளை-வெள்ளைதான். ஒழிக்க வந்த நம்பிக்கையை நீங்களே நிரூபித்துக் காட்டியதாகிவிடும்! பை மாற்றிப் போட்டாலோ ஒரு பெற்றோரிடம் இரண்டு சிவப்பு சேர்ந்துவிடலாம்.

நாலு முறை எடுத்தால் ஒரு குடும்பம். 25 மாணவர்கள் ஆளுக்கு நாலு குடும்பம் எடுத்தால் நூறு. கணக்குப்படி சுமார் 32 வீடுகளில் நோயுள்ள பிள்ளையே இராது, 42இல் ஒன்று, மீதி 26இல் இரண்டோ அதற்கு மேலோ. வகுப்பில் ஐந்தாறு முன்பின் வரும். "சரியாக வரவில்லையே சார்" என்று எண்ணைத் திருத்த விடாதீர்கள். மெண்டலின் 1866ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே ஒரு பட்டாணிச் செடியில் 43 உருண்டை விதைகளுக்கு 2தான் சுருங்கியவை. இன்னொன்றில் 14க்கு 15. மொத்தம் 7324 விதைகளை எண்ணியபோதுதான் 5474க்கு 1850 என்று மூன்றுக்கு ஒன்றை நெருங்கியது.

காது மடல், நாக்குச் சுருட்டல் என்று வீட்டாரைக் கணக்கெடுக்கும் வீட்டுப்பாடமும் வேண்டாம். அவை ஒற்றை ஜீன் பண்புகள் அல்ல. பிள்ளை யாருடையது என்று வீணாக ஒரு வீட்டில் சந்தேகம் கிளம்பும்.

வகுப்பு முடியும்போது இதையும் சொல்லிவிடுங்கள். கேரியருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இராது. சிவப்பணு சிறிதாக இருப்பதைப் பார்த்து, இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவதும் உண்டு. திருமணத்துக்கு முன்போ, கர்ப்பம் உறுதியானவுடனோ ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவைப் பார்க்க வேண்டும். 3.5 சதவீதத்தைத் தாண்டினால் துணைவருக்கும் பரிசோதனை தேவை. சொந்தத்தில் மணந்தவர்கள் தள்ளிப்போடவே கூடாது. இருவரும் கேரியர் என்றால் 11ஆம் வாரத்தை ஒட்டிக் கருவைச் சோதிக்கலாம். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனித்தனியாக.