சிரட்டைத் தாளமும் டீச்சரின் தைரியமும்

குளச்சல் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில், ஒரு திங்கட்கிழமை காலை. மூன்று வயதுப் பையன் வாசலில் புரண்டு அழுகிறான். டீச்சர் அதட்டவில்லை, தூக்கவும் இல்லை. "என்ன மக்களே" என்று கேட்டபடி அருகே உட்கார்ந்து, இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து மெல்லத் தட்டுகிறார். டக்... டக்... அழுகை விம்மலாகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டிக் கை சிரட்டையை நோக்கி நீள்கிறது. அப்போது டீச்சர் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த வெளிச்சத்துக்கு உளவியலில் விளக்கம் உண்டு. 'இந்த வேலை என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து ஊறுகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் விளக்கினார். ஊற்று நான்கு. எல்லாவற்றிலும் வலுவானது, தானே செய்து ஜெயித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மதிக்கிற ஒருவர் சொல்லும் ஊக்கம், அந்நேரத்து உடலும் மனமும் இருக்கும் நிலை ஆகியவை மற்றவை.

நம்பிக்கை உள்ளவருக்குப் பிள்ளையின் அழுகை தன் தோல்வியாகத் தெரியாது. அவிழ்க்க வேண்டிய முடிச்சாகத் தெரியும். அதனால் ஒரு வழி பலிக்காவிட்டால் இன்னொன்றைத் தேடுவார். பலித்தால் சந்தோஷம். அந்தச் சந்தோஷமே மறுநாள் நம்பிக்கைக்கு உரம். இந்தச் சக்கரம் பின்னோக்கியும் சுழலும். இராத்தூக்கம் கெட்டவருக்குப் படபடப்பே 'என்னால் முடியாது' என்று காதில் சொல்லும்.

இந்த நம்பிக்கை வேலைக்கு வேலை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். கதை சொல்லிப் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறவருக்கு, செல்போன் செயலியில் எடையும் உயரமும் பதியும்போது விரல் நடுங்கலாம். 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் சத்துமாவு, பதிவேடு, வீடுவீடாகப் போவது எல்லாம் அவர் தலையில்தான். மேற்பார்வைக்கு வந்து பதிவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் கண்ணில் சிரட்டை படுவதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

"நல்லா செய்யுதிய டீச்சர்" என்ற பொதுப் பாராட்டு அன்றோடு கரைந்துவிடும். "அழுத பிள்ளைய எப்படி அமத்தினிய? எனக்கும் காட்டுங்க" என்று கேட்டால், எது பலித்தது என்பது அவருக்கே துலங்கும்.

அடுத்த முறை போனபோது, பக்கத்து மையத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டு சிரட்டை. தாளம் தப்பியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு மறுபடி தட்டினார்.