பெனிஃபிட்: பலனா, சலுகையா, பேறா?

அமெரிக்கக் குடிவரவுப் படிவங்களைத் தமிழில் விளக்க உட்காரும் எவரும் முதலில் இடறுவது ‘பெனிஃபிட்’ என்ற சொல்லில்தான். கிரீன் கார்டு ஓர் ‘இமிகிரேஷன் பெனிஃபிட்’. வேலை அனுமதி அட்டை, புகலிடம், குடியுரிமை எல்லாமே அந்தப் பெயருக்குள் அடங்கும். பலன் என்று பெயர்த்தால் ராசிபலன் வாடை அடிக்கிறது. சலுகை என்றால் யாரோ மனம் இரங்கிக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. நலன் என்றாலோ உதவித்தொகை நினைவுக்கு வரும்.

லத்தீனில் ‘நன்றாகச் செய்தது’, அதாவது நற்செயல், என்று பொருள்படும் ‘பெனெஃபாக்டும்’ பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து ‘பெனிஃபிட்’ ஆயிற்று. பிறகு காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் புகுந்து பணத்தோடு ஒட்டிக்கொண்டது. குடிவரவுச் சட்டத்தில் அதற்குப் பணத்தோடு தொடர்பில்லை. சட்டம் வகுத்த தகுதி உள்ளவர் கேட்டுப் பெறும் நிலை அல்லது அனுமதி, அவ்வளவுதான். சொல்லப்போனால் காசு போவது நம் பக்கத்திலிருந்துதான்: இந்த விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பின் செலவில் பெரும்பகுதி வரிப்பணத்தில் அல்ல, விண்ணப்பதாரர்கள் கட்டும் கட்டணத்தில் நடக்கிறது.

குழப்பம் முற்றுவது ஐ-485 படிவத்தில், அதாவது அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் படிவத்தில். அந்தக் கார்டே ஒரு பெனிஃபிட். அதே சமயம், விண்ணப்பிப்பவர் ‘பொதுச்சுமை’ ஆகிவிடுவாரா, அரசின் ரொக்க உதவியை நம்பி வாழ்பவரா என்றும் பார்க்கிறார்கள். அந்த உதவிக்கும் ஆங்கிலத்தில் ‘பப்ளிக் பெனிஃபிட்’ என்றுதான் பெயர். ஒரு பெனிஃபிட் கேட்டு வருபவரை இன்னொரு பெனிஃபிட் சிக்கவைக்கலாம். இரண்டையும் ‘நலன்’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் தான் கேட்பதையே தனக்கு எதிரான சான்றென்று நினைத்துப் பயந்துபோவார்.

என் பரிந்துரை ‘பேறு’. பெறு என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர்; மகப்பேறு, பதினாறு பேறு என்று நம் வாயில் புழங்குவது. பெறுபவரை முன்னிறுத்தும் சொல் இது, கொடுப்பவரை அல்ல. ‘உரிமை’ என்று சொல்லிவிடலாமே என்பார்கள். முடியாது. ஐ-485 போன்றவற்றில் தகுதி எல்லாம் இருந்தாலும் அதிகாரியின் விருப்புரிமைக்கு இடம் உண்டு. சலுகைக்கும் உரிமைக்கும் நடுவில் நிற்கும் சொல்தான் வேண்டும். குடிவரவுப் பேறு. அந்தப் ‘பப்ளிக் பெனிஃபிட்’டை அரசு உதவி என்றே எழுதிவிடலாம்.

‘இமிகிரேஷன்’ என்பதற்கு நம்மிடம் சொல் கூடுதலாகவே இருக்கிறது. லத்தீன் ‘மிக்ராரே’ என்றால் இடம்பெயர்தல். முன்னொட்டு சேர்ந்து ‘உள்ளே பெயர்தல்’ ஆகிறது. இலங்கையில் குடிவரவு, குடியகல்வு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குடிநுழைவு. தமிழ்நாட்டு நாளேடுகளில் குடியேற்றம். இலங்கைச் சொற்கள்தாம் துல்லியமானவை: வரவும் அகல்வும் ஒரே இணையாக நிற்கின்றன. குடியேற்றம் என்பது காலனி அமைப்பதையும் குறிப்பதால் கொஞ்சம் வழுக்குகிறது. பிழைப்புக்கு ஊர் மாறியவரைக் குறிக்க நாம் புதிதாகச் சொல் தேடவே வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்ததைச் சொல்லும் பட்டினப்பாலை, அவர்களைப் ‘புலம்பெயர் மாக்கள்’ என்றே அழைக்கிறது.

நம் செய்திகளில் இதைவிடப் பெரிய வழுக்கல் ஒன்று உண்டு. யார் என்ன செய்தாலும் ‘அமெரிக்கக் குடியேற்றத் துறை’ என்று ஒரே பெயர். அப்படி ஒரே துறை இருந்த காலம் உண்டு. 1933-இல் குடிவரவுப் பிரிவும் குடியுரிமைப் பிரிவும் இணைந்து ஐஎன்எஸ், அதாவது குடிவரவு, குடியுரிமைச் சேவை, ஆனது; 1940-இல் தொழிலாளர் துறையிலிருந்து நீதித் துறைக்கு மாறியது. 2002-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கலைத்தது. 2003 மார்ச் 1 முதல் வேலைகள் மூன்றாகப் பிரிந்தன. பேறு கேட்கும் மனுக்களைப் பரிசீலித்து முடிவு சொல்வது யுஎஸ்சிஐஎஸ், அதாவது குடியுரிமை, குடிவரவுச் சேவைகள். எல்லையிலும் விமான நிலையத்திலும் சோதிப்பது சிபிபி, சுங்க எல்லைக் காவல். நாட்டுக்குள் பிடிப்பது, தடுத்துவைப்பது, வெளியேற்றுவது ஐஸ் எனப்படும் அமலாக்கப் பிரிவு. மூன்றும் ஒரே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருந்தாலும் வேலை வேறு. குடிவரவு நீதிமன்றங்களோ இன்றும் நீதித் துறையில்தான் இருக்கின்றன. இந்தச் சுவர் கெட்டியானதென்று நினைக்கவேண்டாம்: பேறு மறுக்கப்பட்டவரை நீதிமன்றத்துக்கு இழுக்கும் ‘ஆஜராகும்படி அறிவிப்பு’ அனுப்ப யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கும் அதிகாரம் உண்டு.

எச்1பி எனப்படும் தற்காலிகப் பணி விசாவில் வேலைக்குப் போகும் ஒருவரைப் பின்தொடர்ந்தால் பிரிவினை கண்ணில் படும். முதலாளி முதலில் தொழிலாளர் துறையில் ஊதிய உறுதிமொழிக்குச் சான்று வாங்குகிறார். அதோடு, அந்த ஆளை வேலைக்கு வைக்க அனுமதி கேட்கும் ஐ-129 மனுவை யுஎஸ்சிஐஎஸ்ஸில் போடுகிறார். அது நிறைவேறியபின், சென்னையிலுள்ள துணைத் தூதரகம்போல வெளியுறவுத் துறையின் ஓர் அலுவலகம் கடவுச்சீட்டில் விசா ஒட்டுகிறது. விசா என்பது கதவைத் தட்டும் அனுமதிதான்; திறப்பது இறங்கும் இடத்திலுள்ள சிபிபி அதிகாரி. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதையும் அவர் பதியும் ஐ-94 என்ற வருகைப் பதிவுதான் தீர்மானிக்கிறது, விசாவில் உள்ள தேதி அல்ல. இதைத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

மனு, விண்ணப்பம் இரண்டையும் நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். அங்கே வேறுபாடு உண்டு. இன்னொருவருக்காகக் கேட்பது பெரும்பாலும் ‘பெட்டிஷன்’. தனக்காகக் கேட்பது ‘அப்ளிகேஷன்’. மனைவிக்காகக் கணவர் போடும் ஐ-130 மனு. மனைவி தன் பெயரில் போடும் ஐ-485 விண்ணப்பம். மனுவால் பயன்பெறுபவரை ‘பெனிஃபிஷியரி’ என்பார்கள். இதைப் ‘பயனாளி’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை; தமிழ்நாட்டில் பயனாளி என்றால் அரசுத் திட்டத்தில் வீடோ ஆடோ வாங்கியவர். பேறு கிடைப்பவர், பேறாளர்.

போட்டபின் ரசீது எண் வரும்: மூன்று எழுத்து, பத்து இலக்கம். கைரேகை எடுக்கக் கூப்பிடுவார்கள். ஆவணம் போதாவிட்டால் கூடுதல் சான்று கேட்பார்கள். பதிலுக்கு அதிகபட்சம் 12 வாரம். மறுக்கப்போகிறோம் என்று முன்னறிவிப்பு வந்தால் 30 நாள்தான்.

கடைசியாக ஒரு சொல் இணை: ‘ரிஜெக்‌ஷன்’, ‘டினையல்’. தமிழில் இரண்டையும் நிராகரிப்பு என்று எழுதிவிடுகிறோம். முன்னது, கையெழுத்து இல்லை, கட்டணம் தவறு என்பதால் உறையைத் திருப்பி அனுப்புவது. பணமும் திரும்பிவரும், ஆனால் போட்ட தேதி நிற்காது, மேல்முறையீடு கிடையாது. பின்னது, படித்துப் பார்த்துச் சொன்ன முடிவு. பணம் போனது போனதுதான். முன்னதைத் ‘திருப்பம்’ என்றால் கதையின் திருப்பம்போல் இருக்கிறது. ‘ஏற்காமை’ என்றும் ‘மறுப்பு’ என்றும் பிரிக்கலாம். ‘என் கிரீன் கார்டை நிராகரித்துவிட்டார்கள்’ என்று அழுதுகொண்டு அழைப்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது, உறை திரும்பி வந்ததா என்பதைத்தான்.