10,080 எண்களால் மீதியின்றி வகுபடும் ஓர் எண்

பாரிமுனையிலிருந்து ராயபுரம் நோக்கி ராஜாஜி சாலையில் செல்பவர்களுக்கு வலப்பக்கம் நெடுகிலும் துறைமுகம். 1912 மார்ச்சில் அங்கே மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச ராமானுஜன், அந்நாளில் ஜார்ஜ் டவுனின் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி என்ற அக்காலக் கணக்கின்படி அவருடைய சம்பளம் 5,760 தம்படி. இந்த எண்ணுக்கு 48 காரணிகள் உண்டு. ஆனால் இதைவிடச் சிறிய 5,040க்கு 60 காரணிகள்! தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் பெற்ற 5,040 போன்ற எண்களை உயர் பகு எண்கள் என்பர். கேம்பிரிட்ஜ் சென்றபின், 1915இல், இவற்றைப் பற்றி ராமானுஜன் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு; அதன் கடைசி எண் 67,46,32,83,88,800.

ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரம் கோடியைத் தாண்டும் இந்த எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று கிடைக்கும். ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ அறவே விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு வரை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் அதற்கு 7 வழிகள். அவ்வாறே 3க்கு 5, 5க்கும் 7க்கும் மும்மூன்று, எஞ்சிய ஐந்து பகா எண்களுக்கும் இரண்டிரண்டு வழிகள். இவை அனைத்தையும் பெருக்கினால் 10,080. 1 முதல் 28 வரை எல்லா எண்களும் அட்டவணையின் அந்தக் கடைசி எண்ணை மீதியின்றி வகுக்கும். முதலில் தோற்பது 29.

இந்த அமைப்பு தற்செயலானதன்று. 7-இல் இரண்டும் 11-இல் ஒன்றும் இருப்பதை இடம் மாற்றினால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் வீணாகப் பெரிதாகும்; ஆகவே சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரியதன் அடுக்கைவிட ஒருபோதும் குறையக் கூடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு என்றும் ராமானுஜன் நிறுவினார். அவருடைய அக்கட்டுரையில் என்னை மிகவும் கவர்ந்த முடிவு அதுதான்.

23 ஏன் சேர்க்கப்பட்டது என்பதை, காரணிகளை இரட்டிப்பாக்க என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் புரியும். 23 இல்லாதபோது காரணிகள் 5,040. அவற்றை 2-களைக் கொண்டே இரட்டிப்பாக்க மேலும் ஏழு 2 வேண்டும், அதாவது எண் 128 மடங்காகப் பெருக வேண்டும். 5-களைக் கொண்டு செய்தால் 125 மடங்கு, 11-ஐக் கொண்டு செய்தால் 121 மடங்கு. புதிதாக ஒரு 23 சேர்த்தாலோ 23 மடங்கு போதும்.

கையால் கணக்கிட்ட அந்த அட்டவணையில் ஒரே ஓர் உயர் பகு எண் விடுபட்டிருந்ததைப் பின்னாளில் கண்டறிந்தார்கள். 5,040 காரணிகள் கொண்ட 2,93,31,86,25,600 என்பதே அது. அட்டவணையின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பதும் அதே எண்.