துடுப்புக் கருவி வாங்குமுன் அதன் சக்கரத்தைப் பாருங்கள்

வீட்டில் உடற்பயிற்சி செய்யத் துடுப்புக் கருவி (நகரும் இருக்கையில் அமர்ந்து, கால்களால் உதைத்து, துடுப்பு போடுவதுபோல் கைப்பிடியை இழுக்கும் ரோயிங் மெஷின்) வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "இதில் எத்தனை லெவல் இருக்கிறது?" என்பதைத்தான். இழுப்பைக் கடினமாக்கும் படிகள் எட்டா, பத்தா, பதினாறா என்ற அந்த எண்ணை வைத்தே விலையையும் எடைபோடுகிறார்கள். அந்த எண் சொல்லும் செய்தி மிகக் குறைவு. வேகமாக இழுத்தால் கருவி எவ்வளவு எதிர்க்கிறது, மெதுவாக இழுத்தால் எப்படி இளகுகிறது என்பதில்தான் நல்ல கருவிக்கும் வெறும் இரும்புச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த கான்செப்ட்2 நிறுவனத்தின் காற்றுக் கருவியை, அதாவது காற்றின் தடையையே எதிர்ப்பாகப் பயன்படுத்தும் கருவியை, எடுத்துக்கொள்வோம். டிக், பீட் டிரைசிகேக்கர் என்ற சகோதரர்கள் 1976-இல் பந்தயப் படகுகளுக்கான துடுப்புகளைச் செய்து விற்கத் தொடங்கிய நிறுவனம் இது. ஏரிகள் உறைந்துபோகும் குளிர்காலத்திலும் வீரர்கள் பயிற்சி செய்தாக வேண்டும். 1981-இல் சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கொண்டு தங்களது முதல் கருவியை அவர்கள் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் படகோட்டிகளின் உடல்திறனை அளக்கப் பயன்படும் கருவி அதன் வழிவந்ததுதான்.

அது இயங்கும் விதம் எளிமையானது. கைப்பிடியை இழுத்தால் சங்கிலி ஒரு பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அதே அச்சில் இருக்கும் விசிறிச் சக்கரம் வேகமெடுக்கிறது. கைப்பிடியோடு முன்னே திரும்பும்போது ஒருவழிக் கிளட்ச் சக்கரத்தை விடுவித்துவிடுகிறது. சக்கரம் தன்போக்கில் சுழன்றுகொண்டிருக்க, மீள்தன்மை கொண்ட ஒரு கயிறு சங்கிலியை உள்ளே சுருட்டிக்கொள்கிறது. அடுத்த இழுப்பில், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தைப் பிடித்து மீண்டும் விரைவுபடுத்துகிறீர்கள். ஓடும் படகில் துடுப்பு போடுவதும் இப்படித்தான்: நின்ற பொருளைத் தள்ளுவதில்லை, வேகம் குறைந்துகொண்டிருக்கும் பொருளுக்கு வேகம் கூட்டுகிறோம்.

எதிர்ப்பைத் தருவது காற்று. கிணற்றில் நீந்தும்போது கையை மெல்ல அளைந்தால் தண்ணீர் இருப்பதே தெரியாது, ஓங்கி வீசினால் கை நகர மறுக்கும். காற்றும் அவ்வாறே. சக்கரத்தின் வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அந்த வேகத்தைத் தக்கவைக்கச் செலவாகும் திறனோ எட்டு மடங்காகிறது. கருவியின் திரையிலேயே இதைக் காணலாம். படகில் 500 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் கடப்பதற்கு ஈடாகத் திரை காட்டும் வேகத்துக்கு ஏறத்தாழ 104 வாட் போதும். அதையே 2 நிமிடத்தில் கடக்க 203 வாட் வேண்டும். இன்னும் 15 விநாடி குறைத்து 1 நிமிடம் 45 விநாடிக்கு வர 302 வாட். வேகம் கால் பங்கு கூடும்போதே உழைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது.

இந்தக் கணக்கின் பயன் பெரிது. பாட்டி மெதுவாக இழுத்தால் கருவி மென்மையாக இருக்கும்; கல்லூரியில் படிக்கும் பேரன் உதைத்து இழுத்தால் அதே கருவி அவனுக்கு ஈடாக எதிர்க்கும். இருவருக்கும் இடையில் எந்தப் பொத்தானையும் தொட வேண்டியதில்லை.

அப்படியானால் சக்கரக் கூண்டின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நெம்புகோல் எதற்கு? பயிற்சிக் கூடங்களில் பலரும் வந்தவுடன் அதைப் 10-இல் வைக்கிறார்கள். அதுதான் கடினமான பயிற்சி என்று நம்புகிறார்கள். அந்த நெம்புகோல் கூண்டுக்குள் நுழையும் காற்றின் அளவைத்தான் மாற்றுகிறது. 10-இல் காற்று நிறையப் புகுவதால் சக்கரம் விரைவில் வேகமிழக்கிறது; ஒவ்வொரு முறையும் கனத்த மரப்படகை இழுப்பதுபோன்ற உணர்வு வரும், இடுப்பும் முதுகும் வீணாகச் சிரமப்படும். தேர்ந்த வீரர்கள் பெரும்பாலும் 3-க்கும் 5-க்கும் இடையில்தான் வைத்துக்கொள்கிறார்கள். உழைப்பைக் கூட்டுவது உங்கள் கால்கள், நெம்புகோல் அல்ல.

இதிலுள்ள மிக அழகான பகுதி அளவீடு. நீங்கள் முன்னே திரும்பும் அந்தச் சிறு இடைவெளியில் சக்கரத்தை யாரும் இழுப்பதில்லை. காற்று மட்டுமே அதைத் தடுக்கிறது. வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் கருவி அளக்கிறது. சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி வேகம் மாறுவதை அது எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) ஏற்கெனவே தெரியும் என்பதால், அந்த நொடியில் காற்றின் தடை எவ்வளவு என்று கணக்கிட்டுவிடுகிறது. ஒவ்வோர் இழுப்பிலும் இது நடக்கிறது. கூண்டில் தூசி அடைந்திருந்தாலும், ஊட்டி போன்ற உயரமான இடத்தில் காற்று மெலிந்திருந்தாலும் கணக்கு பிசகுவதில்லை. இன்று காட்டும் 200 வாட்டை ஆறு மாதம் கழித்துக் காட்டும் 200 வாட்டோடு நேர்மையாக ஒப்பிடலாம். வீட்டில் தனியாகப் பயிற்சி செய்கிறவருக்கு இதைவிட நல்ல ஊக்கம் கிடைப்பது அரிது. கலோரி எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கு 300 கலோரி என்ற நிலையான தொகையோடு, வாட்டிலிருந்து கணக்கிட்ட தொகையைக் கூட்டித்தான் இக்கருவி அதைக் காட்டுகிறது. உடல் எடை குறைந்தவர்களுக்கு அது மிகையாகவே இருக்கும்.

காந்தக் கருவியில் சுழலும் உலோகச் சக்கரத்துக்கு அருகே காந்தங்கள் இருக்கும். சக்கரம் சுழலும்போது உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்பட்டு, அவற்றின் காந்தப்புலம் சுழற்சியை எதிர்க்கிறது. எதுவும் எதையும் உரசுவதில்லை, ஆகவே தேய்மானமும் ஓசையும் மிகக் குறைவு. இங்கே தடை ஏறத்தாழ வேகத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடுகிறது. வேகமாக இழுத்தாலும் காற்றுக் கருவி போலத் துள்ளி எதிர்க்காது. லெவலை மாற்றிக் காந்தத்தை நெருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் 8-ஆம் லெவலும் இன்னொரு நிறுவனத்தின் 8-ஆம் லெவலும் ஒன்றல்ல. மலிவான பல கருவிகளின் திரையில் ஓடும் மீட்டர் கணக்கு வெறும் சுற்றுகளின் எண்ணிக்கையிலிருந்து வருவது. என்றாலும் அதிகாலையில் குழந்தை தூங்கும் அறைக்குப் பக்கத்தில் பயிற்சி செய்ய வேண்டியவருக்கு நான் இதையே சொல்வேன்.

நீர்த்தொட்டிக் கருவியின் இயல்பு காற்றுக் கருவிக்கு நெருக்கமானது, ஒலியும் இனிமையானது. ஆனால் தண்ணீர் நிரம்பியபின் சில கருவிகள் 50 கிலோ அளவுக்குக் கனக்கும், பாசி பிடிக்காமல் அவ்வப்போது குளோரின் மாத்திரையும் போட வேண்டும். எண்ணெய் உருளை வைத்த சிறிய கருவிகளைத் தவிர்ப்பதே நல்லது. எண்ணெய் சூடேறச் சூடேற இளகி, பயிற்சியின் நடுவிலேயே தடை குறைந்துவிடும். சக்கரம் இல்லாததால் ஓட்டத்தின் தொடர்ச்சியும் கிடைக்காது.

கான்செப்ட்2 கருவியின் நீளம் ஏறத்தாழ 244 சென்டிமீட்டர். இரண்டாகப் பிரித்து வைக்கலாம். வழக்கமான வகையின் இருக்கை தரையிலிருந்து 36 சென்டிமீட்டர் உயரமே. மூட்டுவலி உள்ளவர்கள் உயரமான கால்கள் கொண்ட வகையைக் கேட்க வேண்டும். நெடிய கால்கள் உடையவர்கள், முழங்கால் முழுதாக நீளும்வரை இருக்கை பின்னே செல்கிறதா என்று பாருங்கள். இருக்கை நகரும் தண்டவாளம் குட்டையாக இருந்தால் கால்களின் பலம் பாதியிலேயே தடைபடும். கடற்கரை ஊர்களில் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இட மறந்தால் துரு ஏறும். காற்றுக் கருவியின் இரைச்சல் அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்ப்பவரைத் தொந்தரவு செய்யும் அளவுக்கு உண்டு.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது முதலில் கால்களால் உதைத்து, பிறகு உடலைச் சற்றே பின்னே சாய்த்து, கடைசியாகக் கைகளை மடக்குங்கள். திரும்பும்போது கை, உடல், கால் என்று வரிசை மாறும். இழுக்க ஆகும் நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் எடுத்துத் திரும்ப வேண்டும். இப்படிப் பத்து முறை மெதுவாக இழுத்துவிட்டு, எதையும் மாற்றாமல் அடுத்த பத்து முறை முழு பலத்தோடு இழுங்கள். தடை தானாகவே கூடினால் அந்தக் கருவியின் விலையைக் கேட்கலாம்.